பொட்டில் நின்ற முள்

ரப்பர் விலை விழுந்த வருஷங்களில் ஜாசின் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். எங்கள் தோட்டத்துச் சின்ன துரையும் அப்படித்தான் போனார். போகிற அவசரத்தில் தம்முடைய பழைய காரை என் அத்தானின் தலையில் கட்டிவிட்டுப் போனார். அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், அந்தத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி. ஆபீசுக்கு சைக்கிளில் போய், குடையை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்துக்கு அதே வேகத்தில் திரும்பி வருகிற மனிதர்.

காரோ பந்தயத்துக்கென்று செய்தது. இரண்டு பேர்தான் உட்காரலாம். பச்சை நிறம், நீண்ட மூக்கு, மூக்கின் குறுக்கே குதிரைக்குக் கட்டுவதைப்போல ஒரு தோல்வார். கூரை கிடையாது, மழை வந்தால் கித்தானை இழுத்து மூடிக்கொள்ள வேண்டும். பின்பக்கத்து மூடியைத் தூக்கினால் இன்னொருவர் முழங்காலை மடக்கி உட்கார டிக்கியில் ஓர் இருக்கை. லயத்து வீடுகளில் குடியிருந்த தோட்டத்து ஆட்கள் அதற்குத் 'தவளை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நிறம் ஒரு காரணம். கியர் மாற்றும்போது அத்தான் அதைக் குதிக்கவைத்தது இன்னொரு காரணம்.

நான் அப்போது மலாக்கா டவுனில் ஆங்கிலப் பள்ளியை முடித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அம்மா முன்பே இறந்துபோயிருந்தாள். அப்பா பயணம் செய்த வாடகைக் கார் மலாக்கா ரோட்டில் கவிழ்ந்து, இடுப்பு ஒடிந்து, ஒரு வருஷம் படுக்கையில் கிடந்து போனார். அந்த ஒரு வருஷமும் அவரைத் திருப்பிப் படுக்க வைத்தவள் அக்கா. எனக்கு அக்காவையும் அவளுக்கு என்னையும் விட்டால் பிறந்த வீடு என்று ஒன்றும் மிச்சமில்லை.

ஆகவே அந்தக் கார் வாசலில் வந்து நின்றபோது அக்கா படியிறங்கவே இல்லை. மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்காலைப் பிடித்தபடி நின்றாள். அத்தான் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். நான் தேங்காய் உடைத்தேன். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"ஏறி உக்காந்து பாரேன்," என்றார் அத்தான்.

"ஏறுறேன். அதுக்கு முன்ன ஒரு சத்தியம் பண்ணுங்க."

"என்னா சத்தியம்?"

"நானும் புள்ளையும் உள்ள இருந்தா முப்பது மைலுக்கு மேல ஓட்டக் கூடாது."

"முப்பதா! மாட்டு வண்டிக்காரன்கூட சிரிப்பான் லா."

"சிரிக்கட்டும். எங்கப்பா இடுப்பொடிஞ்சு கிடந்தப்ப எவனும் சிரிக்கல."

அத்தான் தட்டின்மேல் குனிந்து உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தார். கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியத்துக்கு எங்கள் ஆட்களிடம் அப்பீல் கிடையாது. கங்காணிக்கும் ஆளுக்கும் சண்டை என்றாலும், மாடு யாருடையது என்றாலும், கையை நெருப்பில் வைத்தவன் சொன்னதுதான் முடிவு. அக்கா அப்போதுதான் படியிறங்கி வந்தாள். சந்தனக் கிண்ணத்தோடு காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, முப்பது எதுடா?"

நான் விரல் வைத்துக் காட்டினேன். வேகம் காட்டும் மீட்டரின் கண்ணாடிமேல், அந்த எண்ணுக்கு நேராக, அக்கா ஒரு சந்தனப் பொட்டு வைத்து நடுவில் குங்குமம் இட்டாள். முள் அந்தப் பொட்டைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான் ஏற்பாடு. அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் பொட்டைத் தெரியும்.

தொல்லை முதல் நாளே தொடங்கியது. மீட்டர் சரியில்லை. தோட்டத்துச் செம்மண் ரோட்டில் கார் ஆள் நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். முள் திடீரென்று துள்ளி நாற்பதைத் தொடும், உடனே விழுந்து பூஜ்யத்தில் கிடக்கும், மறுபடி துள்ளும். டேஷ்போர்டுக்குப் பின்னால் சில்வண்டு கத்துவதுபோல ஒரு சத்தம்.

"பொட்டத் தாண்டிருச்சு! நிறுத்துங்க!" என்று அக்கா அத்தானின் கையைப் பிடிப்பாள்.

"அடியே, அந்த மலாய்க்காரர் சைக்கிள்ல நம்மள முந்திப் போறாரு, பாரு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. முள்ளு தாண்டுச்சா இல்லையா?"

அத்தான் நிறுத்துவார். முள் அடங்கிய பிறகு மறுபடி கிளப்புவார். ஜாசினுக்குப் போய்ச் சேருவதற்குள் நாலைந்து இடத்தில் நிற்போம். தோட்டத்து லாரிக்காரர் ஒருநாள் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்து, "கிராணி ஐயா, தவளைக்குத் தண்ணி தாகமா? தள்ளணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மேலே ஏறி நின்ற ஆட்கள் சிரித்த சிரிப்பு தோட்டத்து வாசல்வரை கேட்டிருக்கும். அத்தானும் சிரித்தார். அவருக்குத் தம்மைப் பார்த்துச் சிரிக்கத் தெரியும். எனக்கு அந்த வயதில் அது தெரியாது. டிக்கியில் உட்கார்ந்திருந்த எனக்குக் காது சிவந்தது.

ஜாசின் பட்டறையின் சீன முதலாளி, தவுக்கே என்பார்கள், குனிந்து பார்த்தார். கியர்பெட்டியிலிருந்து மீட்டர்வரை ஒரு கம்பி போகிறது, சக்கரம் சுற்றச் சுற்ற அதுவும் சுற்றும்; எண்ணெய்ப் பசை இல்லாமல் அது காய்ந்து, உறைக்குள் மாட்டி மாட்டிச் சுற்றுகிறது; அதனால்தான் முள் குதிக்கிறது என்றார். புதுக் கம்பி சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும். எப்போது வரும் என்று தெரியாது.

"அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன் அத்தான்," என்றேன். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படித்தவன் நான். பரிசு வாங்கியவன்.

அத்தான் ஆபீஸ் போனபின் காருக்கு அடியில் படுத்துக் கம்பியை உருவினேன். சைக்கிள் பிரேக் கம்பியைவிடச் சற்றுப் பருமன். முறுக்கி முறுக்கிப் பின்னியது. துரு ஏறியிருந்தது. தவுக்கே சொன்னது உண்மைதான். மண்ணெண்ணெயில் கழுவி, துருவைத் தேய்த்து எடுத்தேன். இனி அதற்குக் கெட்டியான கிரீஸ் கொஞ்சம் தடவ வேண்டும். பட்டறைக்குப் போய்க் கேட்டிருந்தால் ஒரு விரலளவு கொடுத்திருப்பார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜாசினுக்குப் போக எனக்குச் சோம்பல். அன்று சனிக்கிழமை. அக்கா எண்ணெய் முழுக்குக்காக நல்லெண்ணெய்யைக் காய்ச்சிக் கிண்ணத்தில் வைத்திருந்தாள். தலைக்கு நல்லதென்றால் கம்பிக்கும் நல்லதுதானே என்று எடுத்து, உறை நிறைய ஊற்றிவிட்டேன்.

முதலில் எல்லாம் அழகாக இருந்தது. சில்வண்டு அடங்கியது. முள் குதிக்காமல் ஏறி இறங்கியது. அக்கா எனக்கு முட்டைத்தோசை சுட்டுப் போட்டாள். "பாத்தீங்களா, படிச்ச புள்ளைன்னா இதுதான்," என்று அத்தானிடம் சொன்னாள். அத்தான் என் முதுகில் தட்டி, "மாப்ள, ஒனக்கு இன்ஜினியர் வேலைதான் லா," என்றார்.

அடுத்த வாரமே நல்லெண்ணெய் தன் வேலையைக் காட்டியது. சுற்றுகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு அது மெல்ல மெல்ல மேலேறி மீட்டருக்குள் போய்விட்டது. இப்போது கார் ஊர்ந்தாலும் முள் நேராக அறுபதுக்குப் போய் அங்கேயே நின்றது. அக்கா காரைவிட்டு இறங்கி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

என்ன நடந்திருக்கும் என்பதை நான் யோசித்துக் கண்டுபிடித்தேன். அந்தப் பெருமை இன்றும் கொஞ்சம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கம்பியின் முனையில் ஒரு காந்தம் சுற்றுகிறது. அதைத் தொடாமல், அதன்மேல் மெல்லிய தகட்டுக் கிண்ணம் ஒன்று நிற்கிறது. காந்தத்தின் இழுப்பில் கிண்ணம் திரும்பப் பார்க்கும்; மயிரிழைபோன்ற ஒரு சுருள்வில் அதைத் திரும்ப விடாமல் பிடிக்கும். இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில் கிண்ணத்தோடு சேர்ந்த முள் நின்று வேகத்தைச் சொல்லும். இடையில் எண்ணெய் புகுந்தால் காந்தம் கிண்ணத்தை ஒட்டிப் பிடித்து இழுத்துவிடும். கழுவினால் சரியாகிவிடும்.

அத்தான் ஆபீசில் இருந்தார். அக்கா ஆற்றில் துணி துவைக்கப் போயிருந்தாள். நான் மீட்டரைக் கழற்றி, வளையத்தை நெம்பி, கண்ணாடியை எடுத்தேன். பொட்டு அழிந்தது. முள்ளைப் பிடுங்கினேன். பெட்ரோலில் எல்லாவற்றையும் அலசிக் காயவைத்தேன். கடைசியில் முள்ளைத் திரும்பச் செருகும்போது எங்கே செருகுவது என்று தெரியவில்லை. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஆணி இருந்தது, முள் அதற்குக் கீழே போகாமல் தடுப்பதற்கு. சுருள்வில் தானாக எங்கே ஓய்கிறதோ அதைப் பார்த்து முள்ளை வைத்திருக்க வேண்டும். நான் முள்ளை ஆணியில் சாய்த்து, 'உறுதியாக இருக்கட்டும்' என்று இன்னும் கொஞ்சம் முறுக்கி அழுத்தினேன். நாற்காலியில் உட்கார்ந்தவனின் தோளைப் பிடித்து அமுக்கியதைப்போல. அவன் எழுந்திருக்க இனி இரண்டு மடங்கு பலம் வேண்டும்.

அக்கா ஈரத்துணியோடு வந்து கார்ப்பக்கம் எட்டிப் பார்த்தாள். "பொட்டு எங்கடா?"

"கம்பிய மறுபடி கழுவிப் போட்டேன்க்கா. கண்ணாடி துடைச்சப்ப அழிஞ்சிருச்சு."

திறந்தேன் என்று சொல்லவில்லை. நல்லெண்ணெய்க் கதையும் அதோடு வெளியே வந்திருக்கும். அவள் போய்ச் சந்தனம் அரைத்துக்கொண்டு வந்தாள். நான் மறுபடி விரல் வைத்து முப்பதைக் காட்டினேன்.

சாயங்காலம் அத்தானும் நானும் பெம்பான் ரோட்டுக்குப் போனோம். மீட்டர் சரியா என்று பார்க்க எனக்கு ஒரு வழி தெரியும். ரோட்டோரத்தில் மைல்கல் இருக்கிறது. முள்ளை முப்பதில் நிறுத்தி ஓட்டினால் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு இரண்டு நிமிஷம் ஆகவேண்டும். அத்தான் தம் சட்டைப்பையிலிருந்த கடிகாரத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். பால்மரங்கள் இரண்டு பக்கமும் வரிசை வரிசையாகத் திறந்து மூடின. முள் சரியாகப் பொட்டின்மேல் நின்றது. முதல் கல் போனது. அடுத்த கல் நான் எதிர்பார்த்ததற்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டது.

நான் தப்பாகப் பார்த்திருப்பேன் என்று அடுத்த மைலுக்கும் பார்த்தேன். அதே கணக்கு, ஒரு நிமிஷம் இருபது நொடி. முள் முப்பது என்கிறது. கார் நாற்பத்தைந்தில் போகிறது.

"என்னா மாப்ள, சரியா இருக்கா?"

காற்று முகத்தில் அடித்தது. அத்தான் வாய்நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் காரிலேயே ஓட்டப் பழகியவர் அவர். ஒழுங்கான மீட்டரோடு ஒரு வாரம்தான் ஓட்டியிருக்கிறார், அதுவும் தோட்டத்துச் செம்மண் ரோட்டில். முப்பது என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். எனக்கோ மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும், ஏன் பிரிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அதைவிட இன்னொன்றும் இருந்தது. இதுதான் கார். இந்த வேகத்துக்குத்தான் இதைச் செய்தார்கள். இனி எந்த லாரிக்காரனும் எங்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டான். அக்காவுக்கு அவள் முப்பது கிடைத்தது, அத்தானுக்கு அவர் கார் கிடைத்தது. யாருக்கு நஷ்டம்?

"சரியா ரெண்டு நிமிஷம் அத்தான்," என்றேன்.

"ஒன் கை ராசியான கை," என்றார் அவர்.

இரண்டு மாதம் சந்தோஷமாகத்தான் போயிற்று. அக்கா பயப்படுவதை விட்டுவிட்டாள். சாலையைப் பார்க்கவே மாட்டாள். பொட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முள் பொட்டை நெருங்கினால் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவாள். அத்தான் உடனே காலை எடுப்பார். ஒரே ஒரு தடவைகூட அந்த மனிதர் முள்ளைப் பொட்டைத் தாண்ட விட்டதில்லை. நான் பின்னால் உட்கார்ந்து பார்த்தவன். சாட்சி சொல்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளேபாங் கடற்கரைக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தோம். குழந்தை மணலில் விளையாடிக் களைத்து அக்கா மடியில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு கிளிஞ்சல். வாங்கிய மீன் டிக்கியில் என் காலடியில் இருந்தது. மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. வெயில் மறுபடி அடித்து, ரோடு கண்ணாடிபோல மின்னியது. பெம்பானுக்குச் சற்று முன்னால், நான் கடிகாரம் பிடித்துப் பார்த்த அதே ரோட்டில், ஒரு வளைவு.

அக்கா சொன்னது காற்றில் எனக்கும் கேட்டது. "என்னமோ இன்னிக்கு வேகமாப் போற மாதிரி இருக்குங்க."

"பொட்டைப் பாரு."

"பொட்டுலதான் நிக்குது."

"அப்புறம் என்னா? ஈர ரோடு, அப்படித்தான் தெரியும்."

டிக்கியிலிருந்து கையை நீட்டினால் அத்தானின் தோளைத் தொடலாம். மெதுவா போங்க என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்ல வேண்டும் என்று தோன்றவும் செய்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார்களே என்று அதற்கடுத்த நொடி தோன்றியது. அதற்குள் வளைவு வந்துவிட்டது.

பின்சக்கரம் வழுக்கியது. அத்தான் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினார். கார் குறுக்கே திரும்பி, செம்மண் ஓரத்தில் ஏறி, கால்வாய்க்குள் மூக்கை வைத்தது. குழந்தை அக்காவின் பிடியிலிருந்து நழுவி டேஷ்போர்டில் மோதிக் கீழே விழுந்தாள். அவள் உடனே அழவில்லை. கிளிஞ்சலைத் தேடினாள். எடுக்கக் கையை நீட்டியபோதுதான் வீறிட்டாள்.

இடது முழங்கை மூட்டோடு நொறுங்கியிருந்தது. மலாக்கா ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களால் முடிந்தது இவ்வளவுதான் என்றார். உயிருக்கு ஒன்றுமில்லை. கை மட்டும் அதற்குப் பிறகு நேராகவில்லை.

செய்தி கேட்டு வந்தவர்கள் எல்லாரும் அத்தானைத்தான் பேசினார்கள். துரை கார் எதுக்கு கிராணிக்கு, வேகப் பைத்தியம், புள்ளை கையை ஒடிச்சிட்டான். அக்கா ஒவ்வொருவரிடமும் திருப்பித் திருப்பி ஒன்றையே சொன்னாள். "என் கண்ணால பாத்தேன். முள்ளு பொட்டுலதான் நின்னுச்சு. அவரு சத்தியத்த மீறல. இது எங்க நேரம்." அத்தான் மூலையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்தச் சொல் அவருக்கு அப்போது எத்தனை பெரிய ஊன்றுகோலாக இருந்தது என்று எனக்குத் தெரியும். நானும் அதே அறையில்தான் இருந்தேன்.

காரை லாரியில் கட்டி இழுத்து வந்து வாசலில் போட்டிருந்தார்கள். ஒருநாள் காலை தவுக்கே அதைப் பார்க்க வந்தார். மீட்டர் கண்ணாடி உடைந்திருந்தது. பொட்டு பாதியாக ஒரு சில்லில் ஒட்டிக்கொண்டிருந்தது. தவுக்கே வளையத்தை எடுத்து, முள்ளை விரல்நுனியால் தூக்கி ஆணியைத் தாண்ட விட்டார். அமுக்கி வைத்த முள் விடுதலை ஆனதுபோல ஒரு துள்ளு துள்ளி, ஆணிக்கு அந்தப் பக்கம் வெகு கீழே போய் நின்றது.

"சியாப்பா புக்கா?" என்றார். யார் திறந்தது என்று. பிறகு பாசார் மலாயில், கடைத்தெருவில் பேசுகிற மலாயில், எல்லாருக்கும் புரிகிறபடி, முள்ளை யாரோ கையால் மாற்றி வைத்திருக்கிறார்கள், இது குறைத்துத்தான் காட்டும், முப்பது காட்டினால் நாற்பதுக்கும் மேலே என்றார். சொல்லிவிட்டு அடுத்த வேலையாகச் சக்கரத்தைப் பார்க்கக் குனிந்துவிட்டார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு முள்.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். மகளின் கை கட்டோடு அவள் தோளில் கிடந்தது. மெல்லப் படியிறங்கி வந்தாள்.

"யாருங்க மாத்தி வெச்சது?"

அத்தான் என்னைப் பார்த்தார். மீட்டரில் கைவைத்தவன் நான் ஒருவன்தான் என்று அவருக்குத் தெரியும். அக்காவும் என் பக்கம் திரும்பினாள்.

"நான் கம்பிக்கு எண்ணெ மட்டுந்தான்க்கா விட்டேன்," என்றேன். "கண்ணாடியத் தொறக்கவே இல்ல."

கேட்டவுடன் நாக்கில் வந்தது. யோசித்துச் சொன்னதல்ல என்று எத்தனையோ வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அத்தான் வாய் திறப்பதற்கு முன் நிறைய நேரம் இருந்தது. தவுக்கே ஒரு சக்கரத்தைப் பார்த்து முடித்து அடுத்ததற்குப் போனார். அந்த நேரத்துக்குள் நான் திருத்திச் சொல்லியிருக்கலாம்.

"நான்தான்," என்றார் அத்தான். "நான்தான் மாத்தி வெச்சேன்."

அக்கா கத்தவில்லை. "கற்பூரத்த அணைச்ச கையி," என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் ஆபீஸ் பின்கட்டில் அத்தானைப் பிடித்தேன். "அத்தான், ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லெண்ணெய், பெட்ரோல், மைல்கல் எல்லாவற்றையும் சொன்னேன். மைல்கல்லைச் சொன்னபோது மட்டும் அவர் முகம் மாறியது. அதுவரை தெரியாமல் நடந்த தப்பு என்றுதான் நினைத்திருந்தார்.

"தெரிஞ்சேவா சொன்ன?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

சைக்கிளை எடுத்துக் குடையை ஹேண்டிலில் மாட்டினார். பிறகு, "அடுத்த மாசம் புள்ளைக்குக் காது குத்தணும். ஒன் மடியிலதான் உக்கார வெக்கணும். தாய்மாமன் நீ ஒருத்தன்தான். என்மேல கோவம்னா அவ எனக்குச் சோறு போட்டுக்கிட்டே கோவப்படுவா. ஒன்மேல கோவம்னா அவளுக்குன்னு யாருடா இருக்கா?" என்றார்.

"நான் அக்காகிட்ட சொல்லிடறேன்."

"சொல்லாத. சொன்னா நான் பொய் சொன்னதும் சேந்துல்ல வெளிய வரும்? போ."

காதுகுத்து நடந்தது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டேன். ஆசாரி ஊசியை எடுத்தபோது அவள் நல்ல கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மடங்கிய கை என் வயிற்றில் குத்திக்கொண்டிருந்தது. எல்லாரும் தாய்மாமன் மடியில் பிள்ளை அழவே இல்லை பார் என்று சொன்னார்கள். அத்தான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று தாம்பூலத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் போய்விட்டது. அத்தான் பழையபடி சைக்கிளுக்கும் குடைக்கும் திரும்பினார். வீடு வெளிப்பார்வைக்கு மாறவில்லை. அக்கா நேரத்துக்குச் சமைத்தாள், அவர் சட்டைக்குக் கஞ்சி போட்டாள், பண்டிகைக்கு அவர் காலில் விழுந்தாள். ஒன்று மட்டும் மாறியது. அவர் எதைச் சொன்னாலும் அவள் என் முகத்தைப் பார்ப்பாள்.

"ஜாசின்ல மழையாம்," என்பார் அத்தான்.

"தம்பி, நெசமாடா?"

"பாசார்ல நண்டு நல்லால்ல, அதான் வாங்கல."

"நெசமா தம்பி?"

நான் பிறகு மலாக்கா டவுனில் வேலைக்குப் போனேன், கல்யாணம் செய்துகொண்டேன். போகும்போதெல்லாம் அவள் எனக்காகச் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் இருக்கும். அவரு துரைகிட்ட பேசினேங்கறாரு, நெசமா? உடம்புக்கு ஒண்ணுமில்லேங்கறாரு, நீ தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரக் கேட்டியா? அத்தான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். கோபப்பட்டதே இல்லை. நான் "நெசந்தான்க்கா" என்று சொன்னதும், தம் சொல்லுக்கு முத்திரை கிடைத்தவர்போல மெல்லத் தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலை என்னால் பார்க்க முடியாது. சில மாதங்கள் போகாமலே இருந்துவிடுவேன். ஆபீசில் வேலை என்று சொல்லி அனுப்புவேன். அதை அவள் நம்பினாள்.

மகள் வளர்ந்தாள். மடங்கிய கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்ளப் பழகினாள். அவளுக்கு நான் பிரியமான மாமா. அப்பாவிடம் ஒரு எட்டுத் தள்ளியே நிற்பாள். அம்மாவிடம் கற்றுக்கொண்டது அது. அவளுக்கு வரன் பார்த்தபோது கையைக் காட்டி இரண்டு வீட்டில் வேண்டாமென்றார்கள். அன்றைக்கு அத்தான் ஒருவர்தான் அழுதார். அக்கா அவரைப் பார்த்து, "இப்ப அழுது என்னா?" என்றாள். அப்போதும் நான் அங்கே இருந்தேன்.

அத்தான் போனபோது இருமல்தான் காரணம் என்றார்கள். கடைசி நாட்களில் நான் பக்கத்தில் இருந்தேன். "இப்பவாவது சொல்லட்டுமா அத்தான்?" என்று காதில் கேட்டேன். அவர் வேண்டாமென்றும் சொல்லவில்லை, சொல்லென்றும் சொல்லவில்லை. கையைத் தூக்கி ஆள்காட்டி விரலை மட்டும் காட்டினார். முள் பொட்டை நெருங்கும்போது அக்கா காட்டுவாளே, அதைப்போல. அது என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கருமாதி முடிந்து ஆட்கள் போன பிறகு அக்காவிடம் சொன்னேன். அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். நல்லெண்ணெய்யிலிருந்து ஆரம்பித்தேன். ஒன்றையும் விடவில்லை. மைல்கல்லையும் விடவில்லை, வளைவுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டதையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது சுண்ணாம்பு அவள் விரலிலேயே காய்ந்திருந்தது.

திட்டுவாள் என்று நினைத்தேன். அறைந்தால்கூட நல்லது என்று நினைத்தேன்.

"அவரு சொன்னதெல்லாம் நெசமான்னு ஒன்னைத்தானேடா கேட்டேன்," என்றாள்.

விரலில் காய்ந்த சுண்ணாம்பைச் சுரண்டினாள்.

"இத்தன வருஷம் அந்த மனுசன் சொன்னதுல எதுடா பொய்யி?"

"அந்த ஒண்ணுதான்க்கா. நான்தான் மாத்தி வெச்சேன்னு சொன்னாரே, அது ஒண்ணுதான்."

வெற்றிலையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனாள். உள்ளே அவர் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். அழுகைச் சத்தம் கேட்கவில்லை. பிறகு அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. எனக்குச் சாப்பாடு போட்டாள். மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, "ஒங்கப்பா முள்ளப் பொட்டத் தாண்ட விட்டதே இல்லடி," என்று மட்டும் சொன்னாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. அதற்கு என் ஆமாம் தேவைப்படவில்லை.

அவள் என்னைத் தள்ளிவைக்கவில்லை. தீபாவளிக்குப் பலகாரம் அனுப்பினாள், என் மனைவிக்கு உடம்பு சரியில்லாதபோது வந்து தங்கிப் பார்த்தாள். நான் ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்வாள். ஆனால் அவள் கண்மூடும்வரை, எந்த விஷயத்திலும், என்னைப் பார்த்து "நெசமா தம்பி?" என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.